பழைய டேப்லெட்டில் வைஃபை: முத்தியால்பேட்டை வீட்டில் எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை

எங்கள் வீட்டு டேப்லெட் எட்டு இன்ச், பிளாஸ்டிக் முதுகு, ஆண்ட்ராய்டு 6. அமெரிக்காவில் இருக்கும் அக்கா ஊருக்கு வந்தபோது அம்மாவுக்காகக் கொண்டுவந்தது. கம்பெனி பெயர் இங்கே தேவையில்லை. அந்தக் காலத்தில் வந்த சின்ன டேப்லெட்டுகளில் பாதிக்கு மேல் இதே ரகம்தான். திரை இன்னும் பளிச்சென்று இருக்கிறது, ஸ்பீக்கர் நன்றாகக் கேட்கிறது, அம்மாவுக்குக் கை பழகிவிட்டது. புதுசு வாங்கித் தருகிறேன் என்றால், "இதுக்கு என்னடா குறை? நெட்டு மட்டும்தானே வரல" என்பார். அந்த "மட்டும்தானே"யைச் சரிசெய்யப் போய்க் கற்றுக்கொண்டதைத்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "வைஃபை வரல" என்று ஒரே வார்த்தையில் சொல்வது உண்மையில் நான்கைந்து வெவ்வேறு கோளாறுகள். நெட்வொர்க் பெயரே பட்டியலில் தெரியாமல் போவது ஒன்று. பெயர் தெரிந்தும் "சேமிக்கப்பட்டது" என்பதிலேயே நின்றுவிடுவது இன்னொன்று. இணைந்தபின் வீடியோ சுற்றிக்கொண்டே இருப்பது வேறு. எல்லாம் ஓடும்போது ஒரு சில தளங்கள் மட்டும் திறக்காதது முற்றிலும் வேறு. எங்கள் டேப்லெட்டில் இவை எல்லாமே ஒவ்வொரு காலத்தில் வந்தன. ஒன்றுக்குச் சொன்ன மருந்து இன்னொன்றுக்கு வேலை செய்யவில்லை. இணையத்தில் கிடைக்கும் வைத்தியக் குறிப்புகள் பலருக்குப் பலிக்காமல் போவதும் இதனால்தான்.

இந்த டேப்லெட்டால் எவ்வளவு முடியும் என்பதைப் பார்த்துவிடலாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் (5 கிடையாது), 802.11என் என்ற பழைய வைஃபை தலைமுறை, ஒரே ஆன்டெனா. 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் இதன் உச்ச இணைப்பு வேகம் 72 எம்பிபிஎஸ். கைக்கு வருவது அதில் பாதி இருந்தால் பெரிது. ஆனால் யூடியூபில் 480பி தரத்துக்கு 1.1 எம்பிபிஎஸ், 720பிக்கு 2.5 எம்பிபிஎஸ் போதும். அப்பா பார்க்கும் செய்தி, அம்மா பார்க்கும் சமையல், பிரசங்கம் எல்லாமே இதற்குள் அடங்கும். கனெக்‌ஷன் கொடுத்தவர் "200 எம்பிபிஎஸுக்கு மாத்துங்க சார், எல்லாம் பறக்கும்" என்றார். மாற்றவில்லை. சமையலறையில் சிக்னலே எட்டாத கருவிக்கு வாசலில் எத்தனை எம்பிபிஎஸ் வந்து என்ன ஆகப்போகிறது?

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதுச்சேரி முத்தியால்பேட்டையின் பழைய தெருக்களில் வீடுகள் ஒட்டி ஒட்டி இருக்கும், பக்கச் சுவர் பொது. முன்னால் கூடம், நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், கடைசியில் சமையலறை. செங்கல்லும் சுண்ணாம்புமாக எழுப்பிய சுவர்கள், இன்றைய சுவர்களைப் போல ஒன்றரை மடங்கு தடிமன். ஃபைபர்காரர் கேபிள் இழுக்கச் சுலபமென்று ரூட்டரை வாசல் பக்கத்துக் கூடத்தில் மாட்டிவிட்டுப் போனார். அம்மா இருப்பது சமையலறையில். சிக்னல் பலத்தை அளக்கும் அனலைசர் ஆப் போட்டுப் பார்த்தால் கூடத்தில் மைனஸ் 45 டிபிஎம், சமையலறையில் மைனஸ் 82. டிபிஎம் சிக்னல் பலத்தின் அளவு, பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம். வீடியோவுக்கு மைனஸ் 67க்குக் கீழே போகாமல் இருப்பது நல்லது என்பார்கள். மைனஸ் 80க்குக் கீழே இணைப்பு இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். ஆண்ட்ராய்டு 6இல் இந்த ஆப்கள் வேலை செய்ய லொக்கேஷனை ஆன் செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் பட்டியல் காலியாக வரும்.

அதே ஆப்பில் அக்கம்பக்கத்து ரூட்டர்களும் தெரிந்தன. ஒட்டு வீடுகள் இல்லையா, ஒரு பெரிய கூட்டமே இருந்தது. ஓர் அலைவரிசைக்குள் ரூட்டர்கள் பேசும் தடங்கள்தான் சேனல்கள். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்ற மூன்றுதான். எங்கள் தெருவில் பெரும்பாலோர் 6இல் இருந்தார்கள். ரூட்டரின் அமைப்புப் பக்கத்துக்குள் போய், ரூட்டரே சேனலைத் தேர்ந்தெடுக்கும் ஆட்டோவை எடுத்துவிட்டு 1இல் நிலையாக வைத்தேன். சேனலின் அகலத்தையும் 40இலிருந்து 20 மெகாஹெர்ட்ஸுக்குக் குறைத்தேன். குறைத்தால் வேகம் குறையாதா என்று கேட்கலாம். நெரிசலான தெருவில் 40 வைத்தால் அக்கம்பக்கத்தார் சத்தத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வதுதான் மிச்சம். மாலை ஏழு மணிக்கு மேல் எப்போதும் சுற்றிக்கொண்டிருந்த வீடியோ, இந்த ஒரு மாற்றத்துக்குப் பிறகு கூடத்தில் சுற்றவே இல்லை. நீண்ட நாள் நிலைத்த திருத்தங்களில் இது முதலாவது.

அப்புறம் பெயர் விவகாரம். இப்போது வரும் ரூட்டர்கள் 2.4, 5 ஜிகாஹெர்ட்ஸ் இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, கருவிகளை 5 பக்கம் தள்ளப் பார்க்கும். அதற்காகச் சில ரூட்டர்கள் 2.4இல் வரும் முதல் அழைப்புகளுக்குப் பதில் சொல்லாமல் இருக்கும். 5 தெரிந்த போன் அங்கே ஓடிவிடும். 5 என்றால் என்னவென்றே தெரியாத டேப்லெட் வாசலில் நிற்க வேண்டியதுதான். இரண்டையும் பிரித்து 2.4க்குத் தனிப் பெயர் வைத்ததும் "சேமிக்கப்பட்டது" நோய் குறைந்தது. பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் என்று வைத்தபோது அது முழுதாகவே போனது. அதற்கு அடுத்த முறையான டபிள்யூபிஏ3 ஆண்ட்ராய்டு 10இலிருந்துதான் வருகிறது. இரண்டும் கலந்த முறை பழைய கருவிகள் சிலவற்றை முரண்டு பிடிக்க வைக்கும். இங்கே இன்னொரு எச்சரிக்கை: டிகேஐபி என்ற பழைய முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பாதுகாப்பும் குறைவு, வேகமும் 54 எம்பிபிஎஸுக்கு இறங்கிவிடும்.

பெயரே தெரியாமல் போன கதை ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு வந்தது. 2024 நவம்பர் 30 இரவு அது புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. 24 மணி நேரத்தில் 48 செ.மீ.க்கு மேல் மழை. கரன்ட் போய் வந்ததில் ரூட்டர் செத்துவிட்டது, புதியது வந்தது. புதிய ரூட்டரில் எல்லா போன்களும் ஓடின. டேப்லெட்டில் மட்டும் நெட்வொர்க் சில நாள் தெரியும், சில நாள் மாயமாகும். அம்மா புயல்மேல் பழி போட்டார், அப்பா டேப்லெட்மேல் போட்டார். உண்மையில் புதிய ரூட்டர் ஆட்டோவில் இருந்தது, அவ்வப்போது 13ஆம் சேனலுக்குத் தாவியது. இந்தியாவில் 1 முதல் 13 வரை பயன்படுத்தலாம். அமெரிக்காவில் 12, 13 சாதாரணமாகப் புழக்கத்தில் இல்லை. அங்கே விற்கும் பழைய கருவிகள் பலவற்றின் காதுக்கு அந்த இரண்டும் எட்டாது. 1க்குத் திருப்பி வைத்ததோடு மாயம் தீர்ந்தது. வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கொண்டுவந்த கருவி வைத்திருப்பவர்கள் இதை முதலில் பாருங்கள். பிரான்ஸிலிருந்து வந்ததென்றால் இந்தப் பிரச்சினை பொதுவாக இருக்காது, ஐரோப்பாவில் 13 வரை உண்டு.

டேப்லெட்டுக்குள் செய்யும் மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வைஃபையின் மேம்பட்ட அமைப்புகளில் தூக்கத்தின்போதும் வைஃபையை ஆனில் வைக்க வேண்டும். திரை அணைந்து எழுந்ததும் இணைய நேரமாவது இதில் குறையும். பேட்டரி சேமிப்பு ஆனில் இருந்தால் எடுத்துவிடலாம். நெட்வொர்க் அமைப்புகளை ரீசெட் செய்வது ஒரு நல்ல தொடக்கம், ஆனால் எங்களுக்கு அதன் பலன் சில நாள் கூத்துதான். பிளே ஸ்டோரில் "வைஃபை பூஸ்டர்" என்று கிடைப்பவை வேறு ரகம். ஆன்டெனாவின் பலத்தை ஆப்பால் கூட்ட முடியாது. விளம்பரம் பார்த்ததுதான் மிச்சம்.

புளூடூத் கதை எனக்கே வேடிக்கையாக இருந்தது. அப்பா மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தறிச் சத்தத்தில் காது கொஞ்சம் மந்தம். அதனால் பழைய பாட்டுகளை புளூடூத் ஸ்பீக்கரில் சத்தமாக வைப்பார். ஸ்பீக்கரை இணைத்தால் ஆன்லைன் பாட்டு விக்கும், எடுத்தால் சரளமாகப் போகும். புளூடூத்தும் 2.4இல்தான் ஓடுகிறது. இந்த வயதுள்ள டேப்லெட்டுகள் பலவற்றில் இரண்டுக்கும் ஒரே சிப், ஒரே ஆன்டெனா. மாறி மாறித்தான் பேச முடியும். போன் 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு ஒதுங்கித் தப்பித்துக்கொள்ளும், இதற்கு அந்த வழி இல்லை. ஸ்பீக்கருக்கு நாற்பது ரூபாய் ஆக்ஸ் கேபிள் வாங்கி மாட்டினேன். பாட்டு விக்குவது அதோடு நின்றது. கம்பி வந்துவிட்டதில் அப்பாவுக்கு மட்டும் கொஞ்சம் வருத்தம்.

இத்தனைக்குப் பிறகும் கடந்த வெயில் காலத்தில் கூடத்திலேயே சிக்னல் இறங்கத் தொடங்கியது. ரூட்டருக்கு எதிரில் உட்கார்ந்தால்கூட மைனஸ் 70. முதுகை விரலால் அழுத்தினால் ஏறியது, விட்டால் இறங்கியது. இது அமைப்புகளில் தீராது என்பது அப்போதே தெரிந்தது. ஒரு பெரிய கடையில் போர்டு மாற்ற வேண்டும் என்றார்கள். சொன்ன விலைக்கு நல்ல செகண்ட் ஹேண்ட் டேப்லெட் வாங்கிவிடலாம். அண்ணா சாலைப் பக்கம் சின்னதாகக் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர் பார்த்ததும், "அண்ணே, போர்டெல்லாம் வேணாம், பின்னாடி காண்டாக்ட் போயிருக்கும்" என்றார். பிளாஸ்டிக் முதுகுள்ள பல டேப்லெட்டுகளில் ஆன்டெனா பின்மூடியின் உட்புறம் ஒட்டிய மெல்லிய தகடுதான். போர்டிலிருந்து நிற்கும் சின்ன ஸ்பிரிங் காண்டாக்ட் அதைத் தொட்டுக்கொண்டிருக்கும். கடற்கரை நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஊரில், உப்புக் காற்று அந்த இடத்தைச் சும்மா விடுமா? எங்கள் ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு பெயின்ட் கேட்கிறது. பச்சை பூத்திருந்த காண்டாக்டை ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தார், ஊசிமுனையால் லேசாக நிமிர்த்தினார், மூடியை ஓரம் ஓரமாக அழுத்தி மூடினார். அங்கேயே சிக்னல் ஏறியதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு இறங்கவில்லை.

வீட்டில் திறந்து பார்ப்பவர்களுக்கு ஒரு சொல்: மூடி தானாகவே உப்பி எழுந்திருந்தால் அது பேட்டரி வீங்கியதாக இருக்கலாம். அந்த நிலையில் நெம்பவே கூடாது, கடைக்குப் போய்விடுங்கள். உலோகத் தகடோ பெரிய காந்தமோ உள்ள கவர் போட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

சமையலறைப் பிரச்சினை கடைசிவரை நின்றது. என் தம்பி ஒரு ரிப்பீட்டர் வாங்கி வந்தான். சுவரில் செருகினால் போதும், அம்மாவுக்கு நான்கு கோடும் தெரிந்தது. ஆனால் கோடு நிறைய இருந்தும் வீடியோ நகரவில்லை. ஒற்றை ரேடியோ உள்ள ரிப்பீட்டர் அதே சேனலில் வாங்கி அதே சேனலில் கொடுக்க வேண்டும், வேகம் பாதியாகும். அதுவும் தாழ்வாரத்திலேயே பலவீனமாக இருந்த சிக்னலை வாங்கித்தானே கொடுக்கிறது. அது இப்போது பரணில் இருக்கிறது.

தீர்வு பழைய ரூட்டர் ஒன்றிலிருந்து வந்தது. முன்பு வேறு கனெக்‌ஷனுக்கு வாங்கியது, 2.4 மட்டும் உள்ளது, யாரும் சீண்டாமல் கிடந்தது. அதன் ஐபி முகவரியைப் புதிய ரூட்டரோடு மோதாதபடி மாற்றி, கருவிகளுக்குத் தானாக முகவரி கொடுக்கும் டிஎச்சிபியை அணைத்து, ஒரு லேன் துளையிலிருந்து இன்னொரு லேன் துளைக்கு கேபிள் போட்டேன். வேன் (WAN) என்று எழுதிய, வெளி இணையம் வரும் துளையைத் தொடவே வேண்டாம். கேபிளைத் தாழ்வார உத்தரத்தை ஒட்டி இழுத்தோம். முற்றத்தைக் கடக்கும் இடத்தில் மட்டும் பிவிசி குழாய். மழைக்காக என்று போட்டது, அணிலுக்கும் உதவுகிறது. சமையலறை ரூட்டரை 11ஆம் சேனலில் வைத்தேன், கூடத்தில் இருப்பது 1. சமையலறையில் இப்போது மைனஸ் 50க்குப் பக்கம். வீட்டில் இதுவரை செய்ததில் அம்மா பாராட்டிய ஒரே வேலை இதுதான். மைக்ரோவேவ் ஓவன் ஓடும்போது மட்டும் தடுமாறுகிறது. அதுவும் 2.45 ஜிகாஹெர்ட்ஸ், ஒன்றும் செய்வதற்கில்லை.

எஞ்சியது, சில தளங்கள் மட்டும் "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்று நின்றுவிடுவது. வைஃபைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் வீட்டில் எல்லோரும் வைஃபையைத்தான் திட்டினார்கள். முதலில் தேதி, நேரம் சரியா என்று பாருங்கள். பேட்டரி முழுதாக இறங்கி எழுந்த டேப்லெட் சில நேரம் பழைய ஆண்டைக் காட்டும், அப்போது, தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழ் எதுவும் செல்லாது. எங்களுக்குத் தேதி சரியாகவே இருந்தது. ஏராளமான தளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் அமைப்பு லெட்ஸ் என்க்ரிப்ட். அதை நம்பக் கருவிக்குள் இருக்க வேண்டிய இன்றைய மூலச் சான்றிதழ் ஆண்ட்ராய்டு 7.1.1க்கு முந்தையவற்றில் இல்லை. ஓர் இடைக்கால ஏற்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது, அதுவும் 2024இல் முடிந்தது. ஃபயர்ஃபாக்ஸ் தன் சான்றிதழ் பட்டியலைத் தானே வைத்துக்கொள்வதால், அதில் அந்தத் தளங்கள் திறக்கின்றன. அம்மாவின் முகப்பில் இப்போது அதுதான் இருக்கிறது.

பாதுகாப்பு அப்டேட் வருவது என்றோ நின்றுவிட்டதால் வங்கி ஆப், பணம் அனுப்பும் ஆப் எதையும் இதில் வைக்கவில்லை. கூடத்து ரூட்டரில் இதற்கென்று கெஸ்ட் நெட்வொர்க் திறந்து, வீட்டுக் கணினியோடு பேச முடியாதபடி பிரித்திருக்கிறேன். சமையலறை ரூட்டரில் அந்த வசதி இல்லை. அம்மா பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார், ஆகவே அந்தப் பிரிப்பு பாதிதான் பயன். அடுத்து கெஸ்ட் வசதியுள்ள இரண்டாம் கை ரூட்டர் ஒன்று ஞாயிறு சந்தையில் மலிவாகக் கிடைத்தால் மாற்ற வேண்டும். இப்படி இரண்டாவதாக மாட்டும் ஆக்ஸஸ் பாயின்ட் முறையிலும் கெஸ்ட்டைத் தனியாகப் பிரிக்கும் மாடலா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும், எல்லா மாடலும் செய்வதில்லை.