ஜார்ஜ்டவுனில் ஒரு கட்டடக்கலை வரைதல் வகுப்பு

மலேசியாவின் பினாங்கில், டிஜிட்டல் ஓவியம் பயில்வோருக்காக வார இறுதியில் நடைபெறும் கட்டடக்கலை வரைதல் வகுப்பில் எட்டு வாரங்கள் பயின்றேன். முதல் இரண்டு வாரங்கள் டேப்லட்டைத் தொடவே விடாமல், 2008இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற ஜார்ஜ்டவுனின் கடைவீடுகளுக்கு (கீழே கடை, மேலே வீடு) முன்னால் பென்சிலோடு உட்கார வைத்த ஆசிரியர், அவற்றின் முன்புறம் கூரையோடு அமைந்த ஐந்தடி நடைபாதைத் தூண்களின் அடிக்கோடும் தலைக்கோடும் கண்மட்டத்திலுள்ள ஒரே மறைபுள்ளியில் (இணைகோடுகள் தொலைவில் ஒன்றுகூடுவதுபோல் தோன்றும் இடம்) சென்று சேர்வதை நூல் பிடித்துக் காட்டினார். குவீன் தெரு மாரியம்மன் கோயில் கோபுரத்தை வரைந்தபோதுதான், கண்மட்டத்துக்கு மேலுள்ள விளிம்புகள் தொலைவில் கீழ்நோக்கிச் சரிவது ஏன் என்பது எனக்கு விளங்கியது. கற்பனை வடிவமைப்புப் பகுதிதான் ஏமாற்றம்: அதே கடைவீட்டை மிதக்கும் நகரமாக மாற்றச் சொன்னவர், அதன் எடையை எது தாங்குகிறது என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. கட்டணம் நியாயமானதே, ஆயினும் குளிரூட்டி பழுதான அறையில், வியர்வைத் துளி பட்டுத் திரையில் கோடு தானாக இழுபட்டதை மன்னிக்க மனம் வரவில்லை.