துண்டு வெட்டும்போது தரும் தாள்கள்: யாழ்ப்பாணத்து வைத்தியசாலை ஒன்றின் நோயாளர் தகவல்கள்

கடந்த ஆண்டு என் அப்பாவின் வலது உள்ளங்காலில் வந்த சலரோகப் புண்ணுக்காக யாழ்ப்பாண நகரிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றில் ஒன்பது நாட்கள் தங்கியிருந்தோம். அழுகிய தசையை அகற்றிய வைத்தியர்களிடமோ, இரவிலும் முகம் சுளிக்காமல் வந்து பார்த்த தாதியரிடமோ எனக்குக் குறை இல்லை. துண்டு வெட்டி, அதாவது டிஸ்சார்ஜ் செய்து, வீட்டுக்கு அனுப்பிய நாளில் எங்கள் கையில் தந்த தாள்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். பதினாறு பக்கத் தமிழ்க் கைநூல், ஓர் உணவுத் தாள், ஆங்கிலத்தில் எழுதிய நோய்நிர்ணய அட்டை என மூன்று தந்தார்கள். காற்புண் ஆறுவது பெரும்பாலும் வீட்டில்தான் என்பதால், இந்தத் தாள்களையும் மருந்தோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

கைநூல் மிக நன்றாக வந்திருக்கிறது. தலைப்பிலேயே 'நீரிழிவு' என்பதற்குப் பக்கத்தில் 'சலரோகம்' என்றும் அச்சிட்டிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த வருத்தத்துக்கு வேறு பெயர் கிடையாது. எழுத்துப் பெரிது. எழுபத்தொரு வயதான அப்பா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முதல் இரண்டு பக்கங்களையும் சத்தமாக வாசித்து, "தம்பி, இது எனக்கு விளங்குது" என்றார். சீனி கூடிய நிலையில் பல ஆண்டுகள் இருந்தால் காலின் நரம்புகள் உணர்விழக்கின்றன, இரத்த ஓட்டமும் குறைகிறது, அதனால் முள் குத்தினாலும் தெரியாது, தெரியாத காயம் ஆறவும் மாட்டாது என்று காரணத்தைச் சொன்ன பிறகே செய்ய வேண்டியவற்றுக்கு வருகிறார்கள். முகம் பார்க்கும் சிறு கண்ணாடியை நிலத்தில் வைத்து, அதன் மேலே பாதத்தைப் பிடித்து அடிப்பக்கத்தைத் தினமும் பார்க்கச் சொல்லும் படம், குனிய முடியாத வயதானவர்களை மனதில் வைத்து வரைந்தது. வெந்நீரின் சூட்டைக் காலால் அல்ல, முழங்கையால் பார்க்க வேண்டும். விரல் இடுக்குகளை ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். களிம்பை அங்கே பூசக் கூடாது. நகத்தை வளைக்காமல் நேராக வெட்ட வேண்டும். காய்ப்பைப் பிளேட்டால் சீவக் கூடாது. இவை எல்லா நாட்டுக் கைநூல்களிலும் இருப்பவைதான்.

என்னை நிறுத்தி வாசிக்க வைத்தது ஒன்பதாம் பக்கம். 'வெறுங்காலோடு நடக்க வேண்டாம்' என்று ஒரு வரியில் முடித்திருந்தால், யாழ்ப்பாணத்தில் அதை ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். நல்லூரில் திருவிழா நடக்கும் இருபத்தைந்து நாளும் செருப்பில்லாமல் வீதி சுற்றும் ஊர் இது. காலில் திறந்த புண் இருந்தால் இந்த ஆண்டு வீட்டிலிருந்தே கும்பிடுங்கள். புண் இல்லாவிட்டாலும் மணல் சுடுவதற்கு முன் அதிகாலைப் பூசைக்குப் போய் வாருங்கள். வந்ததும் கால் கழுவி, கண்ணாடியில் கொப்புளம் இருக்கிறதா என்று பாருங்கள் என்று அந்தப் பக்கம் சொல்கிறது. அப்பாவுக்குப் புண் தொடங்கியதே நண்பகல் மணலில் நடந்த ஒரு நாளின் பிறகுதான். பக்தியைக் குறை சொல்லாமல் காலைக் காப்பாற்ற வழி சொன்ன அந்தப் பக்கத்தை எழுதியவருக்கு நான் நன்றி சொல்ல விரும்புகிறேன்.

உணவுத் தாள் வேறெங்கோ எழுதியதை அப்படியே எடுத்தது போல இருக்கிறது. சப்பாத்தியும் இட்லியும் எண்ணிக்கையோடு இருக்கின்றன; புட்டும் இடியப்பமும் பாணும் இல்லை. பனங்கட்டி கடித்துத் தேநீர் குடித்தால் சீனி ஏறாது என்று நம்புகிறவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே பலர். பனங்கட்டியும் பெரும்பாலும் சீனிதான் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம்.

நோய்நிர்ணய அட்டையால்தான் எங்களுக்கு ஆபத்து வந்தது. மருந்துகளின் பெயர்கள் கம்பனிப் பெயர்களாகவும், வேளைகள் பீ.டீ. (நாளுக்கு இரு முறை), ரீ.டீ.எஸ். (நாளுக்கு மூன்று முறை) என்ற சுருக்கங்களாகவும் அதில் இருந்தன. அப்பா பல ஆண்டுகளாக அரச கிளினிக்கில் சீனியைக் குறைக்கும் கிளிக்லசைட் மாத்திரை எடுத்து வருபவர். அது கிளினிக் கொப்பியில் மருந்தின் பொதுப் பெயரில் எழுதப்பட்டிருந்தது. அதே மாத்திரையைத் தனியார் வைத்தியசாலை கம்பனிப் பெயரில் எழுதித் தந்தது. பழையதை நிறுத்துவதா தொடர்வதா என்று அட்டையில் ஒரு சொல்லும் இல்லாததால் இரண்டும் வேறு மருந்துகள் என்று நினைத்து, இரண்டையும் கொடுத்தோம். மூன்றாம் நாள் விடியற்காலை நான்கு மணிக்கு அப்பா வேர்த்து நனைந்து, கை நடுங்கி, என்னை யார் என்று கேட்டார். குத்திப் பார்த்தபோது சீனி 58 மில்லிகிராம்.

அந்த நேரத்தில் கைகொடுத்தது அதே வைத்தியசாலையின் கைநூல். 70 இற்குக் கீழே இறங்கினால், விழுங்கக் கூடிய நிலையில் இருப்பவருக்கு மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிடம் பொறுத்து, மீண்டும் குத்திப் பார்க்க வேண்டும் என்றும், மயங்கியவருக்கு வாயில் எதையும் ஊற்றாமல் 1990 அம்புலன்ஸை அழைக்க வேண்டும் என்றும் பின்னட்டையின் உட்புறத்தில் சிவப்புக் கட்டத்துக்குள் போட்டிருந்தார்கள். அம்மா குசினியில் சீனி கரைக்க, நான் கைநூலைப் பிடித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றேன். பதினைந்து நிமிடத்தில் 96 ஆனது. கைநூலில் ஒரு குறை உண்டு: கிளிக்லசைட் போன்ற மாத்திரைகளால் சீனி இறங்கினால், ஒரு முறை ஏறிய பின்பும் பல மணி நேரத்துக்குத் திரும்ப இறங்கக் கூடும் என்பதை அது சொல்லவில்லை. காலையில் கொண்டுபோய்க் காட்டியபோது வைத்தியர்தான் அதை எடுத்துச் சொல்லி, அன்று முழுவதும் வைத்துப் பார்த்தார்.

1847 இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் பார்த்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், நம்மவர்களுக்கு மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்து, சத்திரசிகிச்சை நூல்களைக்கூடத் தமிழாக்கி அச்சிட்ட ஊர் இது. இத்தனை காலத்துக்குப் பிறகு ஒரு மருந்துப் பட்டியலைத் தமிழில் தருவது இயலாத காரியம் அல்ல. மருந்தின் பொதுப் பெயர், எதற்காக, காலையா இரவா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, பழைய மருந்துகளில் எதை நிறுத்த வேண்டும் என்று ஐந்து நிரல்கள் போதும். இதை எழுத்தில் கேட்டேன். கவனிப்பதாகப் பதில் தந்திருக்கிறார்கள்.

அங்கே சிகிச்சைக்குப் போகிறவர்கள் கைநூலைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். சில நாட்களில் அது வாட்டில் முடிந்துவிடுகிறது என்று தாதி ஒருவர் சொன்னார். துண்டு வெட்டும் நாளில் கிளினிக் கொப்பியையும் வீட்டிலுள்ள மாத்திரைப் பைகளையும் கொண்டுபோய், அட்டையோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டுத் தரும்படி மருந்தாளரிடம் கேளுங்கள். எங்களுக்கு அவர் பத்து நிமிடத்தில் அதைச் செய்து தந்தார், ஆனால் அது இரண்டாம் முறை போனபோது. அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிய பட்டியல் இப்போது கைநூலின் கடைசி வெற்றுப் பக்கத்தில் இருக்கிறது. அப்பா கண்ணாடியை நிலத்தில் வைத்துக் காலைப் பார்த்த பிறகு, அதைத் திறந்து வைத்துக்கொண்டு இரவு மாத்திரையைத் தானே எடுக்கிறார்.