வாட்டர்கலர் + சுவர் பெயிண்டிங் ஆன்லைன் கிளாஸ் ரிவ்யூ: பேப்பர் பாதி சூப்பர், சுவர் பாதி அரைகுறை

வாட்டர்கலர் பெயிண்டிங்கும் வீட்டுச் சுவர் அலங்காரமும் சேத்து சொல்லிக்குடுக்கற ஒரு வீடியோ கிளாஸ முழுசா பாத்து, அதுல சொன்ன எல்லாத்தையும் பேப்பர்லயும் சுவர்லயும் செஞ்சும் பாத்தாச்சு. குறையும் எழுதப் போறதால கிளாஸ் பேர் போடல, ஆனா இந்த மாதிரி எந்த கிளாஸுக்கு காசு கட்டறதுக்கு முன்னாடியும் எதெல்லாம் கவனிக்கணும்னு இத படிச்சா ஒரு ஐடியா கிடைக்கும். முதல்லயே சொல்லிடறேன், வாட்டர்கலர் பாதிக்காக மட்டுமே கூட வாங்கலாம், அவ்ளோ தரம். சுவர் பாதியில டெக்னிக் எல்லாம் அழகா காட்றாங்க, ஆனா சுவரப் பத்தி சொல்ல வேண்டியத சொல்லாம விட்டுட்டாங்க.

ஆரம்பமே எனக்கு ரொம்ப பிடிச்சுது. பூ வரை, மலை வரைன்னு இறங்காம முதல் சில பாடமும் வெறும் தண்ணி தான், பேப்பர நனைச்சு வெளிச்சத்துக்கு சாய்ச்சு புடிச்சு காட்றாங்க. மொதல்ல தண்ணி குளம் மாதிரி பளபளன்னு நிக்குது, அப்புறம் இழுத்துகிட்டு ஒரு மினுமினுப்பு மட்டும் இருக்கு, அப்புறம் மினுமினுப்பும் போயிடுது, பாத்தா காஞ்ச மாதிரி தான் தெரியும், ஆனா புறங்கைய வச்சா ஜில்லுனு இருக்கும், அப்டின்னா உள்ள ஈரம் இன்னும் இருக்கு. அடுத்தது தான் நிஜமாவே காஞ்ச நிலை. இந்த நாலு நிலைய கண்ணு கண்டுபிடிக்க பழகிடுச்சுன்னா வாட்டர்கலர்ல பாதி பயம் போயிடும், ஏன்னா ஒரே பிரஷ் ஒரே கலர் எடுத்து வச்சாலும் இந்த ஒவ்வொரு நிலையிலயும் ஒவ்வொரு மாதிரி தான் பரவும்.

உதாரணத்துக்கு வாஷ், அதாவது தண்ணியா கலந்து பரப்பின கலர், பாதி காஞ்சுட்டு இருக்கும்போது அதுல இன்னும் தண்ணியா ஒரு சொட்டு விழுந்துச்சுன்னா அந்த தண்ணி அங்க இருக்கற கலர வெளிய தள்ளிட்டே போயி காலிஃபிளவர் மாதிரி ஒரு ஓரம் கட்டிடும், பேக்ரன்னு சொல்லுவாங்க, ப்ளூம்னும் சொல்லுவாங்க. இது ஏன் வருதுன்னு காரணத்தோட சொல்லி, வேணும்னா எப்படி வரவைக்கறது வேணாம்னா எப்படி தவிர்க்கறதுன்னு ரெண்டும் காட்டினது ரொம்ப நல்ல விஷயம். உப்பு டெக்னிக்கும் அதே பாடத்துல வருது, குளமா நிக்கும்போது உப்பு போட்டா கரைஞ்சு ஒண்ணுமில்லாம போயிடும், காஞ்சப்புறம் போட்டா எதுவும் நடக்காது, மினுமினுப்பு மறையப் போற அந்த கொஞ்ச நேரத்துல தூவினா தான் நட்சத்திரம் நட்சத்திரமா விழும்.

ஃப்ளாட் வாஷ் பாடம் க்ளோஸப்ல எடுத்திருக்காங்க. போர்ட லேசா சாய்ச்சு வச்சு, பிரஷ்ல நிறைய கலர் எடுத்து மேல இடமிருந்து வலம் ஒரு கோடு இழுத்தா கீழ் ஓரத்துல ஒரு நீர்க்கோடு தேங்கி நிக்கும், அடுத்த கோடு அந்த நீர்க்கோட்ட தொட்டு எடுத்துட்டு கீழ இறக்கணும், கடைசில தேங்கினத பிழிஞ்ச பிரஷால உறிஞ்சி எடுத்துடணும், இல்லன்னா அது மேல ஏறி பேக்ரன் ஆயிடும். போன இடத்துக்கு திரும்பி போகவே கூடாது. இந்த ஒரே விஷயத்த தான் திரும்ப திரும்ப சொல்றாங்க, சொல்லவும் வேணும். கிரேடட் வாஷும் இதே தான், ஒவ்வொரு கோட்டுக்கும் கலர குறைச்சு தண்ணிய கூட்டிட்டே வரணும், அவ்ளோதான்.

கலர் பத்தின பாடம் சின்னது ஆனா உருப்படியானது. ட்யூப் மேல இருக்கற பேர நம்பாம சின்ன எழுத்துல இருக்கற பிக்மென்ட் நம்பர, அதாவது உள்ள இருக்கற நிறப்பொடியோட குறியீட்ட பாருங்கன்னு சொல்றாங்க, அது சரியான அட்வைஸ். பிபி29னா அல்ட்ராமரின், இது பேப்பரோட குழில போயி உக்காந்து துகள் துகளா தெரியும், காஞ்சப்புறமும் ஈர பிரஷால தேய்ச்சு ஓரளவு எடுத்துடலாம். பிபி15 தாலோ ப்ளூ, இது பேப்பர்ல சாயம் மாதிரி ஏறிடும், லேசுல வராது. அதனால மேகத்த பின்னாடி தொடச்சு எடுக்கலாம்னு ப்ளான் இருந்தா வானத்துக்கு எந்த நீலம்னு முதல்லயே முடிவு பண்ணியாகணும். அல்ட்ராமரின்ல பர்ன்ட் சியன்னாங்கற செம்பழுப்பு கலந்தா வர்ற கிரே எந்த கடையில வாங்கற கறுப்பையும் விட உயிரோட இருக்கு, இத ஒரு பேப்பர் முழுக்க விதவிதமா கலந்து பாருங்க, நேரம் போறதே தெரியாது. அலிசரின் கிரிம்சன்ங்கற சிவப்பு, பிஆர்83, வெளிச்சத்துல வெளுத்துடும், சுவர்ல மாட்டற படத்துக்கு அது வேணாம்னு எச்சரிக்கையும் குடுக்கறாங்க. காஞ்சா எல்லா கலரும் ஒரு படி வெளுத்து தான் தெரியும், அதனால ஈரத்துல கொஞ்சம் அதிகமா தெரியற அளவுக்கு போடணும்.

வெள்ளைன்னா பேப்பரே தான் வெள்ளை, அத விட்டு வரையணும்ங்கறதையும் வெள்ளையா விட வேண்டிய இடத்த மூடற ரப்பர் மாதிரி திரவம், மாஸ்கிங் ஃப்ளூயிட், போடறதுக்கு முன்னாடி பிரஷ்ல சோப்பு தடவிக்கணும்ங்கறதையும் வேகமா சொல்லிட்டு போயிடறாங்க, அது போதும்.

கூட வர்ற கிட்ல பிரஷ் ஓகே, ஒரு பெரிய ரவுண்ட் பிரஷ், நல்லா தண்ணி புடிக்குது, முனையும் கூரா நிக்குது. ஆனா பேப்பர் தான் சரியில்ல. 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பரோட கிராம் எடை), மரக்கூழ் பேப்பர். ஈரத்த பாத்து பழகறதுக்கு தான் கிளாஸே, அந்த பேப்பர் வீடியோவுல காட்டற நேரத்துக்குள்ளயே காஞ்சு சுருண்டுக்குது, கத்துக்கறவங்க தன் கை தான் சரியில்லன்னு நினைச்சுக்குவாங்க. டீச்சர் கையில இருக்கறது 300 ஜிஎஸ்எம் காட்டன், கோல்ட் பிரஸ், அதாவது லேசா சொரசொரப்பான பேப்பர், அது தண்ணிய ரொம்ப நேரம் உள்ள வச்சிருக்கும். இந்த வித்தியாசத்த வாய்விட்டு சொல்லியிருக்கணும். கலர் சுமாரா இருந்தாலும் பரவால்ல, காச பேப்பருக்கு போடுங்க.

இப்ப சுவர். ஸ்பாஞ்ச், ராக் ரோலிங் (சுருட்டின துணிய உருட்டி அச்சு வரவைக்கறது), கலர் வாஷ் (மெல்லிசா கலர் பரப்பறது), ஓம்ப்ரே (ஒரு கலர் மெல்ல மெல்ல இன்னொண்ணா மாறறது), டேப் கட்டி கோடு, ஸ்டென்சில்னு ஒரு ரவுண்டு வராங்க. காட்ற விதம் நல்லா இருக்கு. ஸ்பாஞ்ச தண்ணில நனைச்சு பிழிஞ்சு, பெயிண்ட தொட்டு, முதல்ல ஒரு பேப்பர்ல ஒத்தி எடுத்துட்டு தான் சுவர்ல வைக்கணும், ஒவ்வொரு தடவையும் மணிக்கட்ட திருப்பிக்கணும், இல்லன்னா ஒரே அச்சு வரிசையா விழுந்து அசிங்கமாயிடும். மாஸ்கிங் டேப் ஓரத்துல கலர் கசியாம இருக்க, டேப் ஒட்டினதும் அதோட விளிம்புல முதல்ல அடி கலரையே ஒரு தடவை அடிச்சுடணும், கசியறது அடி கலரா இருக்கறதால தெரியாது, அந்த இடுக்கும் அடைஞ்சுடும், அதுக்கு மேல புது கலர். இத நான் செஞ்சு பாத்தேன், கோடு கத்தியால வெட்டின மாதிரி வந்துச்சு. ஸ்டென்சிலுக்கு பிரஷ்ல பெயிண்ட் இருக்கா இல்லயான்ற அளவுக்கு துடைச்சுட்டு குத்தி குத்தி போடணும், இழுக்கக் கூடாது.

கலர் வாஷ் பாடத்துல ஈர ஓரத்த விடாதீங்கன்னு சொல்றாங்க, அதாவது ஒரு பகுதி காயறதுக்குள்ள அடுத்தத அதோட சேத்துடணும், ஆரம்பிச்ச சுவர மூலை வரைக்கும் முடிச்சுட்டு தான் நிறுத்தணும், முடிஞ்சா ஒருத்தர் ரோலர்ல போட இன்னொருத்தர் துணியால ஒத்தணும். இது பழங்கால சுண்ணாம்புச் சுவர் ஓவியத்துலயும் இருந்த பிரச்சனை தான். 1508லேர்ந்து 1512 வரைக்கும் மைக்கலாஞ்சலோ வாடிகன்ல இருக்கற சிஸ்டீன் சாப்பல் கூரைய வரைஞ்சப்ப, சாந்து காயறதுக்குள்ள வரைஞ்சு முடிக்கணும்ங்கறதால ஒரு நாளைக்கு முடிக்கக்கூடிய அளவுக்கு மட்டும் ஈர சாந்து பூசி பூசி தான் வேலை நடந்திருக்கு.

ஆனா இங்க தான் கிளாஸ் சறுக்குது. வாட்டர்கலர் எஃபெக்ட் சுவர்ல வேணும்னா எமல்ஷன்ல தண்ணிய தாராளமா ஊத்தி கலந்துக்கோங்கன்னு சொல்லிடறாங்க. பேப்பர்ல அது சரி, அங்க கலர புடிச்சிருக்கறது கம் அராபிக்ங்கற பிசின், காஞ்சப்புறமும் தண்ணி பட்டா திரும்ப கரையும், அதான் துடைச்சு எடுக்க முடியுது. சுவர் பெயிண்ட்ல இருக்கறது அக்ரிலிக், காஞ்சா காஞ்சது தான், அடி லேயர் கலங்காம மேல மேல போடலாம், ஆனா பின்னாடி கழுவி எடுக்க முடியாது. அதுல அளவுக்கு மீறி தண்ணி ஊத்தினா பெயிண்ட் சுவர புடிச்சு நிக்காது, கை வச்சா மாவா ஒட்டும். டப்பா மேல போட்டிருக்கற அளவுக்கு மேல தண்ணி வேணாம், மெல்லிசா வேணும்னா கிளேஸ் மீடியம்னு பெயிண்ட்ல கலக்கற நிறமில்லாத திரவத்த கலந்துக்கணும். அது சீக்கிரம் காயாம வேலை செய்யவும் கொஞ்சம் டைம் குடுக்கும். தண்ணி பத்தி இவ்ளோ அழகா பாடம் எடுத்தவங்க சுவர் வந்ததும் இத விட்டது எனக்கு பெரிய வருத்தம்.

அத விட பெரிசு, சுவர ரெடி பண்றது மொத்தமே ரெண்டு மூணு நிமிஷம். பட்டி பாக்கறது, உப்புத்தாள் போட்டு தேய்க்கறது, தூசி தொடைக்கறது, ப்ரைமர், எல்லாம் ஒரே மூச்சுல. ஓதம் ஏறின சுவர்ல, உப்பு பூத்த சுவர்ல எந்த டெக்னிக்கும் நிக்காது, பொரிஞ்சு உதிரும், தண்ணி எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபுடிச்சு நிறுத்தாம அது மேல பெயிண்ட் அடிக்கறது வீண் செலவு. புது பூச்சு வேலையா இருந்தா நல்லா காயற வரைக்கும் பொறுக்கணும், இந்த பேச்சே கிளாஸ்ல இல்ல. லைம்வாஷ், அதாவது சுண்ணாம்பு அடிக்கறது, எந்த சுவர்லயும் போடலாம்னு ஒரு வரி வருது, அது தப்பு. சுண்ணாம்பு காத்துல இருக்கற கார்பன் டை ஆக்சைட வாங்கி திரும்ப கல்லா இறுகற சமாச்சாரம், அதுக்கு சிமெண்ட், சுண்ணாம்பு சாந்து, செங்கல் மாதிரி உறிஞ்சற பரப்பு வேணும், வழவழன்னு எமல்ஷன் அடிச்ச சுவர் மேல நேரா போட்டா புடிக்காது.

சந்தேகம் கேட்டு ஃபோட்டோ அனுப்பினா பொறுமையா பதில் தராங்க, வாட்டர்கலர் கேள்விக்கு படத்துல வட்டம் போட்டே காட்டினாங்க. லைம்வாஷ் விஷயத்தையும் எழுதி அனுப்பியிருக்கேன், அந்த வரிய மாத்திட்டு சுவர் தயாரிப்புக்கு தனியா ஒரு முழு பாடம் சேத்தா சுவருக்காகவும் இந்த கிளாஸ எடுக்கலாம்னு சொல்லுவேன். அது வரைக்கும் சுவர் பாடங்கள பாக்கறவங்க முதல்ல ஒரு அட்டையில ரெண்டு கோட் ப்ரைமர் அடிச்சு அதுல பழகிட்டு, சுவர்ல கை வைக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஈரம் இருக்கான்னு தடவி பாத்துக்கோங்க.