செயின்சா பேன்ட்: ஏ டைப்பா, சி டைப்பா, கட்டிக்கொள்ளும் சாப்ஸா?

செயின்சா சங்கிலியிடமிருந்து காலைக் காக்கும் பேன்ட் வாங்கப் போனால், கடைக்காரர் முதலில் காட்டுவது கிளாஸ் எண்ணைத்தான். கிளாஸ் 1 நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஓடும் சங்கிலிக்குச் சோதிக்கப்பட்டது. கிளாஸ் 2 என்றால் 24 மீட்டர், கிளாஸ் 3 என்றால் 28. உங்கள் மெஷினின் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 3/8 அங்குல பிட்ச் (சங்கிலி ஆணிகளின் சராசரி இடைவெளி) சங்கிலியும் 7 பல் ஸ்ப்ராக்கெட்டும் (சங்கிலியை ஓட்டும் பல்சக்கரம்) இருந்தால், ஒரு பல்லுக்கு இரண்டு பிட்ச் வீதம் ஒரு சுற்றுக்குச் சங்கிலி 133 மில்லிமீட்டர் நகரும். 10,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 10,000 சுற்றில்) அது நொடிக்கு 22 மீட்டர். மரத்தில் படாமல் 13,500-இல் அலறும்போது 30 மீட்டர், அதாவது கிளாஸ் 3-ஐயும் தாண்டிவிட்டது. வெட்டே விழாத பேன்ட் கிடையாது. அதனால் எண்ணைவிட, காப்பு காலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஏ டைப்பில் இரண்டு காலுக்கும் முன்பக்கம் மட்டும் காப்பு. கூடவே வலது காலின் உட்புறமும் இடது காலின் வெளிப்புறமும் 5 சென்டிமீட்டர். தரையில் நின்று அறுக்கும்போது வாள் வந்து விழுவது பெரும்பாலும் அங்கேதான். சி டைப் காலை முழுச்சுற்றும் மூடும். கனம், புழுக்கம் இரண்டும் கூடுதல். சாப்ஸ் சாதாரண பேன்ட்டின் மேல் பக்கிளால் கட்டிக்கொள்வது.

சித்திரை வெயிலில் சவுக்குத் தோப்பில் நாள் முழுக்க நிற்பவருக்கு ஏ டைப், கிளாஸ் 1 போதும். புழுக்கம் தாங்காமல் கழற்றி மரத்தில் மாட்டிய சி டைப் யார் காலையும் காப்பாற்றாது. மரமேறி அறுப்பவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. அவர் கால் எந்தக் கோணத்திலும் மடங்கியிருக்கும், வாள் பக்கவாட்டிலும் வரும். சி டைப்தான் சரி. எப்போதாவது தென்னை அறுக்கும் தோட்டக்காரருக்குச் சாப்ஸ் மலிவு, வசதி. ஆனால் பக்கிள் தளர்ந்திருந்தால் சங்கிலி பட்டதும் சாப்ஸ் சுழன்று காலைத் திறந்துவிடும். புல்வெட்டும் மெஷினுக்கு விற்கும் முழங்கால் கவசம் கல் தெறிப்புக்கானது. அதை இந்தப் பட்டியலில் சேர்க்கவே கூடாது.

எது நீடித்து உழைக்கும்? இதற்கு உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளித்துணிக்குக் கீழே பல அடுக்காக நீள இழைகள் தளர்வாகக் கிடக்கின்றன. சங்கிலி பட்டதும் அவை உருவிக்கொண்டு போய் ஸ்ப்ராக்கெட்டில் சிக்கி மெஷினை நிறுத்துகின்றன. இழை தளர்வாக இருக்கும்வரைதான் பேன்ட்டுக்கு உயிர். கழிவு எஞ்சின் ஆயிலைச் சங்கிலிக்கு ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த எண்ணெயும் மரப்பிசினும் ஊறி இழைகளை ஒட்டவைத்துவிடும். அடிக்கடி துவைப்பதால் பேன்ட் கெடுவதில்லை, துவைக்காமல் விடுவதால்தான் கெடுகிறது. லேபிளில் சொன்ன சூட்டில் துவைத்து நிழலில் உலர்த்துங்கள். பிளீச், இஸ்திரி இரண்டும் ஆகாது.

கிழிசலைத் தையற்காரரிடம் கொடுப்பது இன்னொரு தவறு. காப்பு அடுக்கோடு சேர்த்துத் தைத்தால் இழை உருவ முடியாது, அந்த இடம் வெறும் துணிதான். வெளித்துணி மட்டும் கிழிந்திருந்தால் ஒட்டுப்போடலாம். சங்கிலி உள்ளடுக்கைத் தொட்டிருந்தால் பேன்ட்டைத் தூக்கிப்போட வேண்டியதுதான்.

வெளித்துணியில் இரண்டு வகை. இழுபடும் ஸ்ட்ரெட்ச் துணி குனிந்து நிமிரச் சுகம். ஆனால் சீமைக்கருவேல முள்ளில் நூல் நூலாக வரும். முட்காட்டில் வேலை என்றால் முழங்காலிலும் கீழ்க்காலிலும் கார்டூரா போன்ற முரட்டு நைலான் வைத்ததை எடுங்கள். மரமேறிகள் கணுக்கால் உட்புறத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். மரமேற பூட்ஸில் கட்டும் இரும்பு ஏறு முள் முதலில் கிழிப்பது அங்கேதான்.

வாங்கும்போது லேபிளில் இஎன் ஐஎஸ்ஓ 11393-2 என்ற தர எண் (பழைய சரக்கில் இஎன் 381-5), கிளாஸ், டைப் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். பூட்ஸோடு போட்டுக் குந்திப் பாருங்கள். விளிம்பு பூட்ஸ் மேல் ஏறக்கூடாது. பெல்ட்டைவிடத் தோள்பட்டி நல்லது, கனத்தில் பேன்ட் இறங்காது.

பேட்டரி வாள் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. பெட்ரோல் மெஷினில் வேகம் விழுந்தால் கிளட்ச் விட்டுக்கொடுக்கும், இழை எளிதில் ஜெயிக்கும். மின்மோட்டார் குறைந்த வேகத்திலும் முழு பலத்தோடு இழுக்கும். கிளாஸ் எண் ஒன்றே என்றாலும் காப்பு ஒன்றல்ல.