மினிவேனுக்குப் பின்னால் எந்தக் கேம்பிங் டிரெய்லரைக் கட்டுவது: பாப்-அப்பா, முழு உயர டிரெய்லரா?

அமெரிக்காவில் டொயோட்டா சியன்னா மினிவேன் வைத்திருக்கும் குடும்பத்துக்கு இழுவை வரம்பு 3,500 பவுண்டு. கேன்வாஸ் சுவரை மடக்கிக் கூரையை இறக்கும் பாப்-அப் பெரும்பாலும் சாமானோடு சேர்த்தே இதற்குள் அடங்கிவிடும். உயரம் குறைவு என்பதால் காற்றும் அவ்வளவாகப் பிடிக்காது. மழையில் நனைந்தால் மட்டும் வீடு வந்ததும் விரித்து உலர்த்த வேண்டும், இல்லையென்றால் பூஞ்சைதான்.

முழு உயர டிரெய்லரில் வண்டியை நிறுத்தியதும் படுத்துவிடலாம், குழந்தைகளுக்குக் கழிப்பறையும் பக்கத்திலேயே. ஆனால் விளம்பரத்தில் 2,900 பவுண்டு என்று போட்டிருப்பது காலி எடை. 20 காலன் தண்ணீரே 166 பவுண்டு வரும். அப்புறம் கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், துணி. டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் இறங்கும். 3,500 பவுண்டுக்குக் குறைந்தது 350. ஓட்டுநர் கதவோர ஸ்டிக்கரில் உள்ள சுமை வரம்பில் இதையும் கழிக்க வேண்டும். ஐந்து பேர் ஏறினால் மிச்சம் சொற்பமே. பெரிய லாரி கடந்து போனால் உயரமான சுவர் ஆட்டம் காணும்.

சியன்னாவுக்கு நான் பாப்-அப்பைத்தான் சொல்வேன். 5,000 பவுண்டு வரை இழுக்கும் டொயோட்டாவின் பெட்ரோல் ஹைலேண்டர் எஸ்யூவி என்றால், டிரெய்லருக்குத் தனி பிரேக்கும் அதை இயக்கும் கன்ட்ரோலரும் போட்டு முழு உயர டிரெய்லரையே வாங்கலாம்.