கல்பாக்கத்துக்குச் சரக்கு: ரயிலா, டிரெய்லரா?
கல்பாக்கம் அணுமின் நிலையம் வரை தண்டவாளம் கிடையாது. செங்கல்பட்டிலிருந்து ஒரு கிளை போட்டிருக்கலாமே என்று சென்னையில் பலர் கேட்கிறார்கள்.

செலவு: சிமெண்டும் கம்பியும் மொத்தமாக வந்தால் ரயில்தான் மலிவு. சாலையில் அதற்கு நூறு லாரியாவது வேண்டும்.

அளவு: ரயிலில் சுமார் 3.25 மீட்டர் அகலம் தாண்டினாலே தனி அனுமதி. கல்பாக்கத்து ஈனுலையின் (எரிக்கும் எரிபொருளைவிட அதிகமாகப் புது எரிபொருளை உண்டாக்கும் அணு உலை) முதன்மைக் கலன், அதாவது உலையின் மையத்தைத் தாங்கும் பெரிய தொட்டி, விட்டமோ ஏறக்குறைய 13 மீட்டர்! அதை அங்கேயே பற்றவைத்துச் செய்தார்கள்.

வசதி: பெரிய பாகங்களை ஏற்றிய டிரெய்லர் லாரி ராத்திரியில் ஊர்ந்துதான் வரும், முன்னால் ஒருவர் மூங்கிலால் மின்கம்பியைத் தூக்கிப் பிடிப்பார். ஆனால் வாசல் வரை வரும்.

இங்கிலாந்தின் சைஸ்வெல் ஏ அணுமின் நிலையம் (இப்போது மூடப்பட்டுவிட்டது) பயன்படுத்திய எரிபொருளை ரயிலில் அனுப்பினார்கள். கல்பாக்கத்தில் அப்படிப்பட்ட எரிபொருளை மறுசெயலாக்கும் ஆலை பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் இங்கே டிரெய்லர் போதும்; எரிபொருளைத் தொலைவுக்கு அனுப்பும் நிலையத்துக்கு ரயில்தான் சரி.