உயிரோடு எடுக்காத சிப்பிகள்: ராமேசுவரத்தில் ஒரு கடை

ராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கரையை ஒட்டிய கடைகளில் சோழி, சங்கு, சிப்பி மாலை என்று எதைக் கையில் எடுத்து "இது எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டாலும், "கரையில் ஒதுங்கியதுதான்" என்ற ஒரே பதில்தான் பெரும்பாலும் கிடைக்கிறது. அந்தப் பக்கத்தில், பெயர்ப்பலகைகூட இல்லாமல், வாசலில் பனையோலைத் தொப்பிகளைத் தொங்கவிட்டிருக்கும் ஒரு சிறு கடையைப் பற்றியதே இந்த மதிப்புரை. அதை நடத்தும் அம்மா, எந்தப் பொருள் தானாக ஒதுங்கியது, எது வலையில் வந்தது, எது உயிரோடு எடுக்கப்பட்டது என்பதை நாம் விலை கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே அங்கே வாங்கலாம் என்பது என் உறுதியான கருத்து.

அவர் சொல்வதை நாமே சரிபார்த்துக்கொள்ள ஒரு வழியும் உண்டு. சோழி உயிரோடு இருக்கும்போது அதன் மெல்லிய சதைமடிப்பு ஓட்டின் இரு பக்கமும் ஏறி மூடிக்கொள்கிறது. அதனால்தான் ஓடு கீறலின்றிப் பளபளக்கிறது. இறந்தபின் அலையில் உருண்டு கரைக்கு வரும் சோழியோ மணலில் தேய்ந்து, வெயிலில் வெளிறி, மங்கிப்போயிருக்கும். ஆகவே, தட்டுத் தட்டாக மின்னும் சோழிகள் குவிந்திருக்கும் இடத்தில், அவை உயிரோடு பிடிக்கப்பட்டுக் கொதிநீரில் போடப்பட்டவை, அல்லது சதை அழுகும்வரை குழியில் புதைத்துவைக்கப்பட்டவை என்று ஐயமின்றி எண்ணலாம். இந்தக் கடையின் தட்டில் இருப்பவை மங்கிய சோழிகள். சிலவற்றில் பொத்தல்கூட உண்டு. அழகு குறைவுதான், ஆனாலும் எனக்கு அவையே போதும்.

கடல் குதிரை, கடல் விசிறி, பவளக் கிளை, காயவைத்த நட்சத்திர மீன், ஊதிய நிலையில் உலர்த்திய பேத்தை மீன் ஆகிய எதுவும் இங்கே கிடையாது. இவற்றுள் கடல் குதிரையும் பவளமும் கடல் விசிறியும் 2001ஆம் ஆண்டிலேயே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணையில் சேர்க்கப்பட்டுவிட்டன. விற்பது மட்டுமல்ல, வாங்கி வைத்திருப்பதும் குற்றம். குழந்தைகளின் கக்குவான் இருமலுக்குக் கடல் குதிரையைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கம் இந்தக் கரையில் இருந்தது. ஆண் கடல் குதிரைதான் தன் வயிற்றுப் பையில் குஞ்சுகளைச் சுமக்கிறது என்பதை அறிந்தால், அப்படி ஒன்றைப் பிடித்து உலர்த்தும்போது எத்தனை உயிர்கள் போகின்றன என்பது விளங்கும்.

ஒரு வழக்கம் பழையது என்பதால் அதை விட முடியாது என்று சொல்பவர்களுக்கு இந்தக் கடலோரமே பதில் வைத்திருக்கிறது. பேராமையை மல்லாக்கப் புரட்டி, துடுப்புகளைக் கட்டி, உயிரோடு கிடத்திவைத்து, கறிக்கும் மருந்தென்று குடிக்கப்பட்ட இரத்தத்துக்கும் விற்றது இங்கே வெளிப்படையாக நடந்த தொழில். ஆவுளியா எனப்படும் கடற்பசுவின் கறி கீழக்கரைப் பக்கத்தில் விருந்துக்குரிய பண்டமாக இருந்தது. இன்று வலையில் சிக்கிய ஆவுளியாவை உயிரோடு கடலில் விடும் மீனவர்களை வனத்துறை பாராட்டிப் பரிசளிக்கிறது. சட்டம் ஒரு காரணம்தான். வலையை அறுத்து அந்த உயிரை விடுவிப்பவர்கள் இதே ஊர்களின் மீனவர்கள். நட்டம் அவர்களுக்கு, நினைவுப்பொருள் நமக்கு என்ற நிலையில், நாம் விட வேண்டியது மிகச் சிறியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

கடையின் குறையையும் சொல்ல வேண்டும். சங்கு இங்கேயும் விற்கப்படுகிறது. சங்கு அந்த அட்டவணையில் இல்லை. சங்கு குளிப்பது, அதாவது கடலில் மூழ்கிச் சங்கு எடுப்பது, தலைமுறை தலைமுறையாக வரும் தொழில், வங்காளத்து வளையல் பட்டறைகள் வரை அதன் வணிகம் நீள்கிறது, வளையத்தில் அளந்து சிறியவற்றைக் கடலிலேயே விடும் முறையும் அரசாங்கச் சங்கு குளிப்பில் இருந்தது. இவை எல்லாம் உண்மை. ஆயினும் குளிகாரர் எடுத்துவருவது உள்ளே உயிரோடிருக்கும் பிராணியை. "இது உசுரோட எடுத்தது தம்பி, வேணாம்னா விட்டுருங்க" என்று அந்த அம்மா என்னிடம் நேராகவே சொன்னார். நான் வாங்கவில்லை. கோயிலில் ஊதும் சங்கும், வீட்டுப் பூசையில் பாட்டி காலத்திலிருந்து இருக்கும் சங்கும் பல தலைமுறைக்கு உழைப்பவை. அவற்றை நான் குறை கூறவில்லை. பெயர் பொறித்து அலமாரியில் வைத்து மறந்துவிடுவதற்காக ஆண்டுதோறும் புதிய சங்குகளை வாங்குவதுதான் என் மனத்தை உறுத்துகிறது. இக்கடையில் மட்டிச் சிப்பியில் பெயர் பொறித்துத் தருகிறார்கள், சங்கில் பொறிப்பதில்லை.

இன்னொரு செய்தியையும் அவர் மறைக்கவில்லை. சில சிப்பிகள் கரையில் ஒதுங்கியவை அல்ல, மீனுக்குப் போட்ட வலையில் ஏறி வந்தவை. அவற்றைத் தனித் தட்டில் வைத்திருக்கிறார். ஒதுங்கிய காலிச் சிப்பியும் பயனற்றதல்ல. அதற்குள் குடியேறி வாழும் நண்டுகள் உண்டு. அதனால் தானே பொறுக்கிக்கொள்ளலாம் என்று கிளம்புபவர்கள் ஒரு கைப்பிடியோடு நிற்பது நல்லது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவைச் சேர்ந்த 21 தீவுகளில் ஒரு சிப்பியைக்கூட எடுக்கக் கூடாது.

வாங்கத்தக்கவை எவை என்றால், பனையோலைப் பொருட்களையே முதலில் சொல்வேன். இராமநாதபுரம் மாவட்டத்தில் பனைக்குப் பஞ்சமில்லை. முடைந்த பெட்டிகளின் விளிம்பு நேர்த்தியாக இருக்கிறது, சாயம் கையில் ஒட்டுவதில்லை, மூடி இறுக்கமாகப் பொருந்துகிறது. சிப்பித் தோரணம் அவ்வளவு திருப்தியாக இல்லை: பசை வலுவற்றதால் ஊருக்கு வருவதற்குள் இரண்டு சிப்பிகள் கழன்றுவிட்டன. நூலில் கோத்த தோரணத்தையே கேளுங்கள். பக்கத்துக் கடைகளைவிட விலை சற்றுக் கூடுதல், பேரம் கிடையாது, அமாவாசை நாட்களில் கூட்டத்தால் நின்று பேச இடமிருக்காது.

வாய்மொழியாகச் சொல்லும் அந்த விவரத்தை ஒவ்வொரு தட்டின்மீதும் ஓர் அட்டையில், தமிழிலும் இந்தியிலும் எழுதிவைத்தால், வடக்கேயிருந்து வரும் யாத்திரிகர்களுக்கும் அது போய்ச்சேரும். இதை அவரிடம் சொன்னேன். இந்தி எழுதத் தெரிந்த ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அங்கே போகும் வாசகர்களில் யாருக்காவது இந்தி எழுத வருமானால், பத்து அட்டைகள் எழுதிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.